அதிபர் வந்த பிறகு குடிக்கவும்

யோத்தாம் கும்வெண்டா மூன்று ஆண்டுகளில் தலைநகருக்குப் பதினான்கு கடிதங்கள் எழுதியிருந்தார். பதினான்கிலும் ஒரே விஷயம்தான். எங்கள் மாவட்டத்தில் அடிபம்புகள் முப்பத்தொன்று. அவற்றில் பத்தொன்பது தண்ணீர் தருவதில்லை. பெரும்பாலானவற்றுக்குத் தேவை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் வாஷர். அதை அனுப்பிவைத்தால் இரண்டே வாரத்தில் சைக்கிளில் போய் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவதாக அவர் எழுதியிருந்தார். மாவட்டத் தண்ணீர் அலுவலகத்தில் பம்பு பழுதுபார்ப்பது அவர் வேலை. பதிமூன்று கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. பதினான்காவதற்கு ஒரு ஜீப் வந்தது.

“யோத்தாம் கும்வெண்டா நீங்கதானா? அதிபர் கூப்பிடுறார். ஏறுங்க,” என்றார் ஓட்டுநர்.

யோத்தாமின் மனைவி ரோடா கையில் மாவோடு வாசலுக்கு வந்தாள். “என்னத்த எழுதித் தொலைச்சீங்க? நான் அன்னைக்கே சொன்னேன், கடைசிக் கடிதத்துல ரெண்டு ‘தயவுசெய்து’ சேத்துப் போடுங்கன்னு.”

“கோபமா இருந்தா போலீஸ் ஜீப்புல்ல வந்திருக்கும். இது தண்ணி இலாகா ஜீப்பு. படிச்சிருக்காங்க, ரோடா. யாரோ ஒருத்தர் படிச்சிருக்காங்க.”

தேய்ந்துபோன வாஷர்கள் நான்கைக் காகிதத்தில் பொதிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதிபர் அதைக் கண்ணால் பார்த்தால் புரிந்துகொள்வார் என்று உண்மையாகவே நம்பினார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. அந்த வயதில் அப்படி நம்பியதை இப்போதும் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்வார்.

ஏரிக்கரை விடுதியில் கூட்டம். ஆளும் கட்சியின் நாடாளுமன்றத் தலைவர்களோடு அதிபர் நடத்தும் தேர்தல் பிரசார வியூகக் கூட்டம் என்று வாசலில் எழுதியிருந்தது. யோத்தாமுக்கு மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதன் முதுகில் ‘பொதுமக்கள்’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

முதலில் அதிபரின் நாற்காலி வந்தது. நான்கு பேர் தூக்கி வந்தார்கள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அடுத்து அவர் கால் வைக்கும் பலகை வந்தது. அதற்குக் கொஞ்சம் குறைவாகக் கைதட்டினார்கள். அதிபரின் முகம் அச்சிட்ட ஊதாத் துணியை இடுப்பில் கட்டிய பெண்கள் பாடி ஆடிக்கொண்டே வந்தார்கள். போதகர் ஒருவர், எதிர்க்கட்சியினருக்கு நல்ல புத்தியும் அது வரும்வரை தொண்டைக்கட்டும் கொடுக்கும்படி கர்த்தரை வேண்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அதிபர் கிளெமென்ட் சியாமே வந்தார். தூங்கி எழுந்த முகமாக இருந்தது.

மேசையைச் சுற்றி மூன்று பேர்தான் பேசும் உரிமை உள்ளவர்கள். தலைமைக் கொறடா டிக்சன் மசம்பா, அவை முன்னவர் எவெலீனா சிம்வாகா, சபாநாயகர். சபாநாயகர் எந்தக் கட்சியையும் சேராதவர் என்பது எங்கள் அரசியல் சட்டம். ஆகவே அவர் வெள்ளை விக் அணிந்து வந்திருந்தார். கட்சி விஷயம் பேச வேண்டியபோதெல்லாம் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“தேர்தலுக்கு இன்னும் பத்து வாரம். ஜனங்க என்ன கேக்குறாங்க?” என்றார் அதிபர்.

சிம்வாகா அம்மாள் கோப்பைத் திறந்தார். “தண்ணி கேக்குறாங்க, ஐயா.”

“யாரு?”

“ஜனங்க.”

“எந்தக் கட்சி ஜனங்க?”

அம்மாள் பக்கத்தைப் புரட்டினார். “எல்லாக் கட்சியிலயும் கேக்குறாங்க ஐயா. நம்ம கட்சிக்காரங்க கொஞ்சம் மரியாதையாக் கேக்குறாங்க.”

“போன தேர்தல்ல ரோடு கேட்டாங்க. நாம ரோடு ரோடுன்னு பேசினோம்,” என்றார் மசம்பா. “நல்லா எடுபட்டுச்சு. இப்பவும் அதைப் பேசலாம், இன்னும் போடலியே. ஆனா ஒரே ரோட்டை எத்தனை தேர்தலுக்குப் பேசுறது? தண்ணி புதுசா இருக்கும்.”

“தண்ணின்னு ஒருத்தன் கடிதம் எழுதியிருந்தானே, அவன் வந்திருக்கானா?”

எல்லாத் தலைகளும் மூலைக்குத் திரும்பின. யோத்தாம் எழுந்து நின்றார். பத்தொன்பது பம்பு, ரப்பர் வாஷர், சில இடங்களில் பைப்பு, இரண்டு வாரம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். வாஷர் பொட்டலத்தையும் பிரித்துக் காட்டினார். அதிபர் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான் ஐயா.”

யோத்தாம் மிச்ச வாஷர்களை மறுபடி காகிதத்தில் பொதிந்தார். வேலை முடிந்தது என்று நினைத்தார்.

“ரெண்டு வாரத்துல முடிஞ்சிருமா?” என்று மசம்பா கேட்டார். முகம் கறுத்திருந்தது. “அப்புறம் மிச்சம் எட்டு வாரம் நாங்க என்னத்தப் பேசுறது?”

“பேச வேண்டியதே இல்லையே ஐயா. தண்ணிதான் வந்திருமே.”

“பாத்தீங்களா,” என்றார் மசம்பா மற்றவர்களிடம், “அடிமட்டத்துல அரசியல் அறிவு எந்த நெலமையில இருக்குன்னு.”

சிம்வாகா அம்மாள் பொறுமையாக விளக்கினார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவர் அவர். “தம்பி, நான் சொல்றேன் கேளு. தண்ணி வந்தவன் யாருக்கு நன்றி சொல்றான்? கடவுளுக்கு. தண்ணிக்காகக் காத்திருக்கான் பாரு, அவன்தான் அதிபர் பேரைச் சொல்லிக்கிட்டே இருப்பான். இன்னொண்ணு, பழைய பம்புல வாஷர் மாட்டினா அது பழுது பாக்குறது. அதைப் போய் அதிபர் எப்படித் திறந்து வைப்பார்? ரிப்பன் எங்க கட்டுறது? வாஷர்லயா?”

சபாநாயகர் விக்கைக் கழற்றினார். “வேலை செய்யுற பம்பு எத்தனை இருக்கு?”

“பன்னெண்டு ஐயா.”

“அதுல கைப்பிடியைக் கழட்டிட்டா தண்ணி வருமா?”

“வராதுங்களே.”

“திரும்ப மாட்டினா?”

“வரும்.”

சபாநாயகர் விக்கை அணிந்துகொண்டார். அவர் வேலை முடிந்திருந்தது.

மசம்பா மேசையைத் தட்டினார். “ஐயா, இதுதான் ஐயா! பன்னெண்டு பம்பு. கைப்பிடியைக் கழட்டி ஊதாக் கலர் அடிச்சு வச்சிருவோம். நீங்க ஹெலிகாப்டர்ல வர்றீங்க, உங்க கையால மாட்டுறீங்க, ஒரு அடி அடிக்கிறீங்க, தண்ணி கொட்டுது. கண்டிப்பா கொட்டும். ஏன்னா அது வேலை செய்யுற பம்பு. கெட்ட பம்பை நம்பி உங்களை நான் மேடை ஏத்துவேனா?”

அதிபரின் தூக்கம் கலைந்தது. அவர் உண்மையாகவே நெகிழ்ந்துபோனார். “தண்ணி குடிக்கிறது ஜனங்களோட உரிமை,” என்றார் மெதுவாக. “அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. ஆனா யாரு கொடுத்தாங்கன்னு தெரியாமக் குடிக்கிறான் பாரு, அது நன்றிகெட்டத்தனம். நாம தண்ணியக் கொடுக்கல. நன்றியக் கொடுக்குறோம்.”

மூவரும் அதை எழுதிக்கொண்டார்கள்.

தீர்மானம் வாசிக்கப்பட்டது. ஆதரிப்பவர்கள் கை உயர்த்தச் சொன்னார்கள். “ஐயா, அந்த ஜனங்க அதுவரைக்கும் எதைக் குடிப்பாங்க?” என்று கேட்பதற்காக யோத்தாமும் கை உயர்த்தினார். மசம்பா அந்தக் கையையும் எண்ணினார். பொதுமக்களின் ஒருமனதான ஆதரவோடு தீர்மானம் நிறைவேறியதாக அவைக்குறிப்பில் ஏறியது. உடனே சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள். வறுத்த சாம்போ மீனும் ந்சிமா என்னும் சோளமாவுக் களியும்.

கைப்பிடி கழற்ற வேண்டிய முதல் பம்பு எங்கள் லிரும்பா ஊரில்தான். மாவட்டத்திலேயே நன்றாக ஓடும் பம்பு அது. அதற்குக் காரணம் தாலித்தா ஜெரே. பம்புக் குழுவின் தலைவி. செருப்போடு யாரையும் பம்பு மேடையில் ஏறவிட மாட்டாள். பிள்ளைகள் கைப்பிடியில் தொங்கினால் குச்சியோடு துரத்துவாள். யோத்தாம் ஸ்பேனரோடு வந்ததைப் பார்த்ததும் சிரித்தாள்.

“என்ன அண்ணே, நல்லா ஓடுற பம்பைத் தேடி வந்திருக்கீங்க? கெட்டுப்போன பக்கம் வழி தெரியலியா?”

யோத்தாம் உத்தரவை நீட்டினார். பக்கத்தில் ஊதாச் சட்டை போட்ட கட்சி ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். தாலித்தா படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“இதுல தப்பா அச்சாகியிருக்கு அண்ணே. ‘மாட்டவும்’னு இருக்கணும். ‘கழற்றவும்’னு இருக்கு.”

“தப்பு இல்ல, தாலித்தா. மூணே நாள். வியாழக்கிழமை அதிபர் வந்து மாட்டுவார்.”

“கழட்டாத பம்பை அவர் எதுக்கு மாட்டணும்?”

“எனக்குச் சம்பளம் கொடுக்குறவங்க சொல்லியிருக்காங்க,” என்றார் யோத்தாம். அது பதில் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. அவர் கழற்றினார். அதைச் செய்தது அவர் கைதான். யாரும் அவர் கையைப் பிடித்துத் திருகவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை, அவரும் மறைத்ததில்லை.

கைப்பிடி இருந்த இடத்தில் ஊதா எழுத்தில் ஒரு பலகை தொங்கியது: ‘அதிபர் வந்த பிறகு குடிக்கவும்.’

வியாழக்கிழமை அதிபர் வரவில்லை. திறப்பு விழாவில் அவருக்கு வலப்பக்கம் நிற்பது கொறடாவா, அவை முன்னவரா என்ற கேள்வி எழுந்திருந்தது. சபாநாயகர் முடிவு சொல்ல ஒரு வாரம் கேட்டார். முடிவு வந்தபோது, அதிபரை ஹெலிகாப்டரிலிருந்து எந்தக் காலை முதலில் வைத்து இறங்கச் சொல்வது என்று போதகர் ஒரு கேள்வி எழுப்பினார். நான்கு நாள் அதில் போனது. இதற்கிடையே யோத்தாம் மற்ற பதினோரு பம்புகளின் கைப்பிடிகளையும் கழற்றி, கட்சி அலுவலகத்தில் ஒப்படைத்திருந்தார். அங்கே அவற்றைப் பட்டுத் துணியில் வரிசையாகப் படுக்கவைத்து, கைப்பிடிப் பாதுகாப்புச் செயலாளர் என்று ஒரு புதிய பதவியை உண்டாக்கி, மசம்பாவின் மச்சானை அதில் நியமித்திருந்தார்கள்.

லிரும்பாப் பெண்கள் ஓடைக்குப் போனார்கள். அக்டோபர் மாதம், எங்கள் பக்கம் கடும் கோடை. ஓடை என்று பெயர்தான்; மாடுகள் இறங்கிக் கலக்கிய குட்டைகள் நான்கு. துணியில் வடிகட்டினார்கள். விறகு இருந்த வீட்டில் கொதிக்கவைத்தார்கள்.

பத்தாம் நாள் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. தாலித்தாவின் ஆறு வயது மகள் தெம்வாவைச் சுகாதார நிலையத்தில் படுக்கவைத்துக் கையில் சலைன் ஏற்றினார்கள். அடுத்த கட்டிலில் அதே ஊர் லிடியாவின் மகன். பதினோரு மாதம். பெயர் விட்னஸ்.

யோத்தாம் கொறடாவுக்குத் தொலைபேசியில் பேசினார். மூன்று உதவியாளர்களைத் தாண்டி அவர் கிடைத்தார்.

“ஐயா, பிள்ளைங்க சாகக் கிடக்குதுங்க. ஒரு உத்தரவு போடுங்க, நான் இப்பவே மாட்டிடுறேன்.”

“எத்தனை பிள்ளைங்க?”

“இன்னிக்குப் பதினேழு.”

“படம் எடுத்தீங்களா?”

யோத்தாமுக்குப் புரியவில்லை. “என்ன படம் ஐயா?”

“என்னய்யா நீ! தண்ணி இல்லாம ஜனங்க எவ்வளவு கஷ்டப்படுறாங்கன்னு நாட்டுக்குத் தெரிய வேண்டாமா? அதைத் தீர்க்கத்தானே ஐயா வர்றார்? கஷ்டமே தெரியலன்னா தீர்வு எப்படித் தெரியும்? இரு, நான் ஆள் அனுப்புறேன்.”

ஆள் வந்தான். ஊதாச் சட்டை, கழுத்தில் கேமரா. கட்டில் கட்டிலாகப் போய் ஒவ்வொரு தாய்க்கும் அதிபரின் முகம் போட்ட துணி ஒன்று கொடுத்தான். லிடியாவின் பையனை வெளிச்சம் வரும் பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொன்னான். அவள் பிடித்தாள். ஏதோ மருந்துக்காகத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை விட்னஸ் இறந்தான்.

அன்று மாலையே புதைத்தார்கள். திங்கள் காலை பத்து மணிக்கு, எல்லோரும் பார்க்க, யோத்தாம் சைக்கிளைக் கட்சி அலுவலக வாசலில் நிறுத்தினார். கைப்பிடிப் பாதுகாப்புச் செயலாளர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

“கைப்பிடிக்கு எண்ணெய் போடணும்,” என்றார் யோத்தாம்.

“போடு, போடு,” என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார் செயலாளர்.

யோத்தாம் பன்னிரண்டையும் சாக்கில் கட்டிச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். லிரும்பாவில் மாட்டியபோது வேடிக்கை பார்க்கக் கூடிய பெண்கள் ஒருவரும் ஆடவில்லை, பாடவில்லை. தாலித்தா முதல் வாளியை நிரப்பி லிடியாவிடம் கொடுத்தாள். யோத்தாம் அடுத்த ஊருக்கு மிதித்தார். பொழுது சாய்வதற்குள் ஐந்து பம்புகள் ஓடின. இரவு லிரும்பாவுக்குத் திரும்பி, மிச்சக் கைப்பிடிகள் இருந்த சாக்கைத் தாலித்தா வீட்டில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், அதிபர் வந்துவிட்டார்.

ஹெலிகாப்டர் எழுப்பிய புழுதி அடங்கியபோது, விழாவுக்கென்று முன்பே கட்டி வைத்திருந்த மேடையும், அதன் பின்னால் மூங்கிலும் இரும்புமாக நிறுத்திய பெரிய பேனரும் தெரிந்தன. பேனரின் மேல் ஊதாத் துணி போர்த்தி மூடியிருந்தது. மேடைக்கு எதிரே பம்பு. பம்பின் முன்னால் நாற்பது பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மசம்பா ஓடிவந்தார். “யாருடா இதை மாட்டினது? கழட்டு! உடனே கழட்டு! ஐயா இறங்கிட்டார்!”

“நான்தான் மாட்டினேன்,” என்றார் யோத்தாம். “கழட்ட மாட்டேன்.”

சிம்வாகா அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதிபர் புல்லில் நின்றபடி காத்திருந்தார். சபாநாயகரைக் கூப்பிட்டார்கள். ஏற்கெனவே தண்ணீர் வந்துகொண்டிருக்கும் பம்பை ஒருவர் திறந்துவைக்க முடியுமா என்பது சட்டப் பிரச்சினை. சபாநாயகர் விக்கைக் கழற்றினார், அணிந்தார், மறுபடி கழற்றினார். கடைசியில் அணிந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்:

“இதுவரை வந்த தண்ணீர் அனுமதி பெறாத தண்ணீர். ஆகவே அது வராததாகக் கருதப்படும். இதுவரை குடித்தது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது. இனி வருவதே முதல் தண்ணீர்.”

எல்லோரும் நிம்மதியாகக் கைதட்டினார்கள். அதிபர் புன்னகையோடு பம்பை நோக்கி நடந்தார். ஒரு பக்கம் கொறடா, ஒரு பக்கம் அவை முன்னவர். தாலித்தா கைப்பிடியை விடவில்லை.

“ஐயா, வரிசை இருக்கு,” என்றாள்.

“என்னம்மா?”

“வரிசை இருக்குன்னேன். பின்னாடி போய் நில்லுங்க. வாளி கொண்டாந்திருக்கீங்களா?”

அதிபர் சிரித்தார். கேமராக்கள் இருந்தன, வேறு என்ன செய்வார்? “நம்ம ஜனங்களுக்கு என்கிட்ட எவ்வளவு உரிமை பாருங்க!” என்று சொல்லிவிட்டு, பம்பைத் தொடாமலே மேடை ஏறினார். நன்றியைப் பற்றிப் பேசினார். தண்ணீர் இல்லாத இருண்ட காலத்தைப் பற்றிப் பேசினார். பிறகு மசம்பா கயிற்றை இழுக்க, பேனர் மேலிருந்த துணி விலகி விழுந்தது.

பேனரில் விட்னஸ் இருந்தான். வெளிச்சத்தின் பக்கம் திருப்பிய முகம், பாதி மூடிய கண். கீழே எழுதியிருந்தது: ‘இவன் தாகம் தீர்த்தவர் சியாமே.’

வரிசையில் ஒரு வாளி கீழே விழுந்தது. லிடியா மேடை வரைக்கும் நடந்து போனாள். அவளை யாரும் தடுக்கவில்லை. நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

“ஐயா, இது என் பையன்,” என்றாள். “சனிக்கிழமை புதைச்சிட்டோம்.”

அதிபர் குனிந்து மசம்பாவிடம் கேட்டார். ஒலிபெருக்கி அணைக்கப்படவில்லை, எல்லோருக்கும் கேட்டது.

“இந்தப் படம் எத்தனை ஊர்ல வச்சிருக்கோம்?”

“நானூறு ஊர்ல ஐயா.”

“அப்போ விடு. மத்த ஊர்ல யாருக்குத் தெரியப்போகுது.”

யோத்தாம் மேடைக்குப் பின்னால் போனார். கையில் ஸ்பேனர் இருந்தது. பேனர் சட்டத்தின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். அவசரப்படவில்லை.

“டேய், அதைத் தொடாதே! அது அரசாங்கத்துச் சொத்து!” என்று கத்தினார் மசம்பா.

“பேனர் உங்களுதுதான் ஐயா,” என்றார் யோத்தாம். “பையன் லிடியாவோடது.”

நான்காவது போல்ட்டில் போலீஸ் அவரைப் பிடித்தது. அதற்குள் பேனர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மிச்சத்தைப் பெண்கள் இழுத்து இறக்கினார்கள். சுருட்டி லிடியா கையில் கொடுத்தார்கள். அவள் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனாள். நாற்பது பெண்களில் எத்தனை பேரைத்தான் கைது செய்வது என்று போலீஸ் விட்டுவிட்டது.

யோத்தாமின் மேல் இரண்டு வழக்குகள். அரசுச் சொத்துக்குச் சேதம் ஒன்று. உரிய அனுமதியின்றிப் பொது இடத்தில் தண்ணீர் வரவழைத்தது மற்றொன்று. வேலை போனது. விசாரணை தேர்தலுக்குப் பிறகுதான் என்றார்கள். அவர் காவல் நிலையத்திலேயே இருந்தார். ரோடா தினமும் ந்சிமா கொண்டுவந்தாள். மிச்ச பம்புகளின் கைப்பிடிகள் இருந்த சாக்கைத் தாலித்தா போலீஸிடம் கொடுக்கவில்லை. தெம்வா எழுந்து நடமாடிய அன்று, பெண்களே ஊர் ஊராகப் போய் மாட்டிவிட்டார்கள். பழுதான பத்தொன்பது அப்படியேதான் கிடந்தன.

தேர்தலில் சியாமே ஜெயித்தார். லிரும்பாவில் அவருக்கு ஒன்பது ஓட்டு. நானூறு ஊர்களில் மற்றவை எல்லாம் அவருக்கே. வெற்றி உரையைக் காவல் நிலைய வானொலியில் யோத்தாம் கேட்டார். ‘தாகம் வென்றது’ என்றார் அதிபர். எழுதிக் கொடுத்தவர் ‘தண்ணீர்’ என்றுதான் எழுதியிருந்ததாக மறுநாள் விளக்கம் கொடுத்தார்கள்.

உரை முடிந்ததும் சார்ஜெண்ட் வானொலியை அணைத்தார். மலைப்பக்கத்து ஊர்க்காரர். இத்தனை வாரமும் யோத்தாமோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர். கம்பிக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அண்ணே, எங்க ஊர்ப் பம்பு மூணு மாசமா இழுக்குது, தண்ணி ஏறல. வீட்டுல அவ, குழந்தைக்குத் தண்ணி எடுக்க ரெண்டு மைல் நடக்குறா. வெளிய வந்ததும் ஒரு தடவை பாத்துக் கொடுக்க முடியுமா?”

“வெளிய எப்ப விடுவாங்க?”

“தெரியல. மேலிடத்துல கேட்டா கொறடாவைக் கேக்கணும்னு சொல்றாங்க.”

சார்ஜெண்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வாசலை எட்டிப் பார்த்தார். நல்ல மத்தியான வெயில். தெருவில் ஊதாக் கொடிகளோடு லாரிகள் பாடிக்கொண்டு போயின. அவர் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார்.

“சாயங்காலம் ஆறு மணிக்குள்ள திரும்பி வந்திரணும். சத்தியம் பண்ணுங்க.”

“பம்பைப் பிரிச்சுப் பாத்தாத்தான் எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்ல முடியும்.”

“அப்ப நாளைக்கு வாங்க,” என்றார் சார்ஜெண்ட். சாட்சிப் பொருளாகக் கட்டி வைத்திருந்த ஸ்பேனரை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, தன் சைக்கிளையும் வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தார்.